வாரமாட்டுக்கு வைத்த சூடு

செங்கலடிச் சந்தையில் தயிர் நிறைத்த மண் முட்டிகளை இறக்கி வைத்துவிட்டுச் சீதேவிப்பிள்ளை குந்திவிட்டாள் என்றால், விலை பேச வருகிறவர்கள் இரண்டு தரம் யோசித்துக்கொண்டுதான் கிட்ட வருவார்கள். குறைத்துக் கேட்டவனிடம், "உன்ட மாமி தண்ணியிலயே தயிர் தோய்ப்பா, அங்க போய் வாங்கு" என்பாள். விரலை விட்டுப் பதம் பார்க்க வந்தவளிடம், "விரலக் கழுவினயாகா? இல்லாட்டி அந்த முட்டிய நீயே தூக்கிட்டுப் போ" என்பாள். புருசன் நல்லரத்தினம் செத்த வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களை நிறுத்தி, "மனுசன் பாயில கிடக்கக்குள்ள ஒருத்தியும் எட்டிப் பாக்கல்ல, இப்ப என்னத்துக்குக் கத்துறீங்க?" என்று கேட்டவள் அவள்.

இருந்தும் அவளிடம்தான் சனம் வாங்கியது. தயிரில் மா கலக்க மாட்டாள். பாலில் தண்ணீர் விட மாட்டாள். வாய் பொல்லாதது, கை சுத்தம் என்று ஊரில் பேர். அந்தப் பேரை அவள் கழுத்தில் கட்டியிருந்த தாலியைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள். தாலி போய்ப் பல மாரி போய்விட்டது. பேர் இருந்தது.

பிள்ளை குட்டி இல்லை. நல்லரத்தினம் விட்டுப்போனது ஒரு மாட்டுப் பட்டி. மாரியில் வயல்வட்டையெல்லாம் வேளாண்மை நிற்கும்போது மாடுகள் கறுத்தப் பாலத்துக்கு அங்கால் மேட்டுக்காட்டில் நிற்கும். அறுவடை முடிந்தால் வயலுக்குள் இறங்கும். பட்டியை மேய்த்தவன் இளையதம்பி. நல்லரத்தினத்தின் சித்தப்பா மகன், நரை விழுந்தும் கலியாணம் கட்டாதவன். அவன் மாடுகளோடு பேசுகிற அளவுக்கு மனிதரோடு பேசுவதில்லை. சீதேவிப்பிள்ளையின் வாயைப் பொறுத்துக்கொண்டு அத்தனை காலம் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

அந்தப் பட்டியில் ஒரேயொரு மாடு அவளுடையதல்ல. பேர் மருதோண்டி. ஏறாவூர் ஹவ்வா உம்மாவின் மாடு அது.

ஹவ்வா உம்மாவின் புருசன் தறிக்காரன். அவன் மௌத்தாவதற்கு முந்தின வருசம் தாயில்லாத ஒரு நாகு கன்றை, பெட்டைக் கன்றை, சந்தையில் வாங்கிக்கொண்டு வந்தான். சிவந்த குளம்பு, மருதோண்டி வைத்த கால் மாதிரி. அதனால் அந்தப் பேர். ஹவ்வா உம்மா அதைக் கஞ்சித் தண்ணீர் ஊட்டி வளர்த்தாள். புருசன் போனபின், தறி இருந்த வளவுக்குள் மாட்டை வைத்துப் பார்க்க இடமில்லாமல், தயிர் வாங்கிப் பழகிய சீதேவிப்பிள்ளையிடம் கொண்டுவந்தாள்.

அந்தப் பக்கத்தில் அப்படி மாடு விடுவது வழக்கம்தான். அதை வாரத்துக்கு விடுவது என்பார்கள். பால் மேய்க்கிறவருக்கு. முதல் கன்று மாட்டுக்காரருக்கு, அடுத்தது மேய்க்கிறவருக்கு, இப்படி மாறி மாறி. மாடு மட்டும் எப்போதும் கொடுத்தவருடையது. எழுத்துக் கிடையாது. ஒன்றேயொன்று: வாரமாட்டின்மேல் மேய்க்கிறவரின் இரும்பு படக் கூடாது. ஒவ்வொரு பட்டிக்கும் தலைமுறையாக வரும் குறி ஒன்று உண்டு. நல்லரத்தினத்தின் குடிக்கு அரிவாள் குறி. அது எந்த மாட்டின் தொடையில் வெந்திருக்கிறதோ அந்த மாடு அந்தக் குடியின் சொத்து. சந்தையிலும் சரி, ஊர் அதிகாரியான விதானை முன்னாலும் சரி, அதற்கு மேல் பேச்சில்லை.

"உன்ட வீட்டுக் குறி எதயாவது வச்சிட்டு விடு ஹவ்வா" என்று அன்றைக்கே சீதேவிப்பிள்ளை சொன்னாள். "நாளைக்கு நான் கண்ண மூடினா இவன் இளையதம்பி உன்ட மாட்ட எனக்குத் திவசம் குடுத்திருவான்."

ஹவ்வா உம்மா கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பச்ச உடம்ப எப்பிடி அக்கா சுடுற? நான் கையால வளத்த புள்ள இது. சுடாம வச்சிரிங்க. உங்கட நாக்க நம்பித்தானே விட்டுட்டுப் போறன்."

"என்ட நாக்க நம்பி விட்ட முதல் ஆள் நீதான்" என்று சீதேவிப்பிள்ளை சிரித்தாள். "சரிகா. என்ட இரும்பு இதில படாது."

சொன்னது அவள். எவரும் கேட்டு வாங்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

பிறகு உலகச் சண்டைக் காலம் வந்தது. அரிசிக்குக் கூப்பன், சீலைக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்குச் சண்டை. பட்டாளத்துக்காரரும் ஆசுப்பத்திரி நோயாளிகளும் குடிக்கப் பால் போதவில்லை என்று அரசாங்கம் ஒரு உதவி கொண்டுவந்தது. பால்மாட்டுப் பட்டி வைத்திருப்பவர் கறக்கிற பாலில் பாதியை ஆசுப்பத்திரிக்குக் கொடுத்தால், மாட்டுத் தலைக்கு இவ்வளவென்று மாதாமாதம் காசும், கூட்டுறவுச் சங்கக் கடையில் புண்ணாக்கும் கிடைக்கும். விதானை கந்தப்போடி சந்தையில் நின்று அதைச் சொன்னபோது சீதேவிப்பிள்ளை முட்டிகளைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்த வருசம் கோடை கொடுமையாக இருந்தது. புல்லுக் கருகி, மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. புண்ணாக்கைக் கண்ணால் கண்டு எத்தனையோ மாதம்.

"உனக்கு எத்தின கறவ?" என்று கேட்டார் கந்தப்போடி.

"பத்து" என்றாள்.

"குறி வச்ச மாடு பத்தா? குறி இல்லாதத எண்ண மாட்டாங்க. பத்துக்கு ஒண்டு குறஞ்சாலும் அது பட்டியில்ல எண்டு அரசாங்கக் கச்சேரிக் கட்டள. ஒம்பது மாட்டுக்காரி வீட்டில பால் குடிச்சிட்டுப் படுக்க வேண்டியதுதான்." கந்தப்போடிக்கு அவளைச் சீண்டுவதில் ஒரு சந்தோசம். அவர் மனைவியின் நெய்யில் தேங்காயெண்ணெய் மணக்குதென்று சந்தையில் வைத்துச் சொன்னவள் அவள்.

"பத்து எண்டு சொன்னேனே. காது மந்தமா?"

"அப்ப நாளைக்கு விடியப்புறம் மாட்டு ஐயாவோட வாறன். எண்ணிப் பாப்பம்."

வீட்டுக்கு வரும்வரைக்கும் அவள் கறவைகளைப் பேர் சொல்லி நினைத்துப் பார்த்தாள். போன மாரியில் ஆற்றோடு போன செங்காரி உயிரோடு இருந்திருந்தால் பத்து. இப்போது குறி வைத்தது ஒன்பதுதான். பத்தாவதாகப் பால் கறக்கிறது மருதோண்டி.

ஏறாவூர் தூரமில்லை. நடந்தே போய்விட்டு வரலாம். பொழுது இருந்தது. அவள் அதை நினைத்தும் பார்த்தாள். போய் என்னவென்று கேட்பது? ஹவ்வா ஓமென்று சொன்னால் உதவிக் காசில் ஒரு பங்கு கொடுக்க வேண்டி வரும். இல்லையென்று சொன்னால் கந்தப்போடியின் முகத்தில் விழிக்க வேண்டி வரும். கால் நோகுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கால் நோகவில்லை.

பின்னேரம் சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். இளையதம்பி நெருப்பைப் பார்த்தான், இரும்பைப் பார்த்தான்.

"ஆருக்கு?"

"மருதோண்டிக்கு. கயிறப் போடு."

"அது வாரமாடெல்லோ?"

"எனக்குத் தெரியாதா? ஐயா எண்ணிட்டுப் போகும் மட்டும்தான். ஹவ்வாக்கு நான் சொல்லிக்கொள்ளுவன்."

"சூடு ஐயா போகும் மட்டும் நிக்கிறதில்ல மச்சாள். மாடு சாகும் மட்டும் நிக்கும்."

"உன்னட்ட நான் பாடம் கேக்க வரல்ல. புடி தலய."

அவன் பிடித்தான். அவன் என்றைக்கு அவள் சொல்லைத் தட்டினான்? மருதோண்டி பழகிய மாடு, தானாகவே வந்து அவள் கையை மணந்தது, கஞ்சிச் சட்டி வந்ததென்று நினைத்திருக்கும். இரும்பு தொடையில் பட்டதும் அது கத்திய கத்தலில் கட்டியிருந்த கன்றுகளெல்லாம் திமிறின. மயிர் கருகி, தோல் கருகி, புகை அவள் மூக்குக்குள் ஏறியது. எத்தனையோ மாட்டுக்குச் சூடு வைத்தவள் அவள். அந்த மணம் அவளுக்குப் புதிதல்ல. அன்றைக்கு மட்டும் வேலிப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

மறுநாள் மாட்டு ஐயா, அரசாங்க மாட்டு வைத்தியர், வந்தார். நல்ல மனிசன், சப்பாத்தோடு சாணிக்குள் நின்று ஒவ்வொரு மாட்டையும் தொட்டுப் பார்த்தார். மருதோண்டியிடம் வந்து குனிந்தார்.

"இது புதுச் சூடுபோல இருக்கே அம்மா?"

"பழய குறி மங்கிப் போச்சு ஐயா. அதுக்கு மேல திரும்ப வச்சது."

வாழ்க்கையில் அவள் வாயிலிருந்து எத்தனையோ பொல்லாத சொல் வந்திருக்கிறது. பொய் வந்ததில்லை. அது இவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. ஐயா தலையை ஆட்டினார். கந்தப்போடி ஒருதரம் மாட்டைப் பார்த்தார், ஒருதரம் அவளைப் பார்த்தார், பெருவிரல் வைக்கச் சொல்லிக் கடதாசியை நீட்டினார்.

உதவி வந்தது. புண்ணாக்கு மூடை வண்டியில் வந்து இறங்கியபோது சந்தைச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. மாடுகளின் விலா எலும்பு மறையத் தொடங்கியது. மருதோண்டிக்கு மட்டும் அந்தப் புண் ஆறவில்லை. ஈ மொய்த்துப் புழு வைத்தது. சீதேவிப்பிள்ளை வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு போனால், அவள் மணம் பட்டதுமே மாடு பின்வாங்கிப் போகும். கன்றை விட்டுச் சுரக்க வைத்தாலும், அவள் கை மடியில் பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும். இளையதம்பி குந்தினால் கறக்கும்.

"கள்ள மாடு" என்று அவள் திட்டினாள். இளையதம்பி நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு அவள் அந்தச் சொல்லை மருதோண்டிக்குச் சொன்னதில்லை.

உதவிக் காசு வாங்கிய அன்று ஒரு முட்டி தயிரும் கொஞ்சம் நெய்யும் ஏறாவூருக்குக் கொடுத்தனுப்பினாள். மனது கொஞ்சம் அடங்குமென்று நினைத்தாள். முட்டி திரும்பி வந்தபோது வெறுமையாக வரவில்லை. உள்ளே ஒரு கைத்தறிச் சீலை மடித்து வைத்திருந்தது. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோயிருந்த காலம், மிச்ச நூலில் ஹவ்வா உம்மா தானே நெய்தது. கொண்டுவந்தவள் சொன்னாள்: "மகள் ஸஹீதாக்கு மாப்பிள பேசி வந்திரிக்காம். மருதோண்டிய மகளுக்குச் சீதனமாக் குடுக்கப் போறாவாம். உங்களாலதான் அந்த மாடு மாடா நிக்குது எண்டு உம்மா கண்ணால தண்ணி வடிச்சா."

சீதேவிப்பிள்ளை அந்தச் சீலையை ஒருநாளும் உடுக்கவில்லை. பெட்டிக்குள் அடியில் வைத்தாள். அங்கே இருக்கிறதென்று தெரிந்ததே போதுமாக இருந்தது, சோறு இறங்காமல் போவதற்கு. ஏறாவூருக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் நினைப்பாள். சந்தைக்குப் போய்விட்டு வந்து போவம் என்பாள். சந்தையால் வந்ததும் வெயில் என்பாள். சந்தையிலும் அவள் வாய் குறைந்துவிட்டது. விலையைக் குறைத்துக் கேட்டால் குறைத்துக் கொடுத்தாள். சுகமில்லையாக்கும் என்று சனம் பேசிக்கொண்டது.

கடைசியில் அவள் போகுமுன் அவர்களே வந்தார்கள். ஹவ்வா உம்மாவும், மாப்பிள்ளையின் மாமா அசனாரும். அசனார் மாட்டு யாவாரி, வாழைச்சேனை தொடக்கம் கல்முனை மட்டும் எந்தப் பட்டிக்கு எந்தக் குறி என்று தெரிந்தவர். பெண்ணுக்குக் கொடுக்கிற மாட்டை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். இளையதம்பி பால் செம்போடு நின்றான். சீதேவிப்பிள்ளை சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

ஹவ்வா உம்மா ஓடிப்போய் மாட்டின் கழுத்தைத் தடவினாள். "பாத்தீங்களா, என்ட மருதோண்டி, எப்பிடி நிக்கி எண்டு!"

அசனார் மாட்டைச் சுற்றி வந்தார். பின்தொடைக்கு வந்ததும் நின்றார்.

"இது ஆர்ர மாடு?"

"என்ட மாடு அசனார் காக்கா. இதென்ன கேள்வி?"

"அரிவாள் குறி கிடக்கு. இது நல்லரத்தினப் போடிட பட்டிக் குறி." அவர் குரலை உயர்த்தவில்லை. "தங்கச்சி, இல்லாத மாட்டக் காட்டிச் சம்பந்தம் பேசினா எங்கட ஊரில அதுக்கு வேற பேர்."

ஹவ்வா உம்மா குனிந்து பார்த்தாள். கையை வாயில் வைத்தாள். பிறகு, கோபம் வருமென்று எதிர்பார்த்த முகத்தில், வேறெதுவோ வந்தது. "இல்ல. அக்கா சுட மாட்டா. அக்கா எனக்குச் சொல் தந்தவ. என்னவோ பிழ நடந்திரிக்கி. அக்கா, சொல்லுங்க இவருக்கு."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இவன்தான்" என்றாள் சீதேவிப்பிள்ளை. விரல் இளையதம்பியைக் காட்டியது. "மாடு மாறிச் சுட்டுட்டான். பொழுது பட்ட நேரம், தெரியல்ல போல."

இளையதம்பி பால் செம்பை மெதுவாகக் கீழே வைத்தான். பால் தளும்பவில்லை.

"அல்லாஹ், அவ்வளவுதானா!" என்று ஹவ்வா உம்மாவுக்கு மூச்சு வந்தது. "மனிசன்தானே, கை தவறுந்தானே. தம்பி, நீங்க யோசிக்காதீங்க."

அசனார் இளையதம்பியை மேலும் கீழும் பார்த்தார். "வாரமாட்டத் தெரியாத மேய்ப்பனா?" என்றார். அவ்வளவுதான். பிறகு சீதேவிப்பிள்ளையிடம், "அப்ப நீங்க விதானைக்கு முன்னால ஒருக்காச் சொல்லிருங்க, இது உங்கட மாடில்ல எண்டு. வெள்ளிக்கிழம ஜும்மாக்குப் பிறகு நாங்க அங்க வாறம். சொன்னா மாட்டக் கொண்டு போவம். சொல்லாட்டிச் சம்பந்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

விதானையிடம் சொன்னால் பட்டி ஒன்பதாகும். உதவி நிற்கும். ஐயாவிடம் சொன்ன பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால் ஸஹீதாவின் கலியாணம் நிற்கும், ஹவ்வா உம்மா ஊரில் கள்ளியாவாள்.

அவர்கள் போனபின் இளையதம்பி கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஏசுவான் என்று பார்த்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மச்சாள்" என்றான் கடைசியில், "கள்ளன் எண்டு சொல்லியிருந்தாலும் பறவாயில்ல. மாடு தெரியாதவன் எண்டெல்லோ சொல்லிட்டீங்க. அந்த யாவாரி போற இடமெல்லாம் சொல்லுவான். உங்களுக்குப் பிறகு என்ன ஆரு பட்டிக்கு வைச்சுக்கொள்ளப் போறா?"

அவள் சாகிறதைப் பற்றி அவன் சாதாரணமாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை கந்தப்போடி வீட்டு முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். மருதோண்டியும் அதன் இரண்டாவது கன்றும் வேலி ஓரம் நின்றன. கந்தப்போடி கதிரையில் இருந்து வெற்றிலை மடித்தார். அசனார் நின்றார். ஹவ்வா உம்மா தலையில் சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் ஒதுங்கி நின்றாள். இளையதம்பி எட்டத்தில், மாமரத்துக்குக் கீழ்.

"என்ன பிள்ள விசயம்?" என்றார் கந்தப்போடி. "மாடு மாறிச் சுட்டதாமே இவன்?"

சீதேவிப்பிள்ளை வரும் வழியெல்லாம் ஒரு பேச்சைக் கட்டிக்கொண்டு வந்தாள். பொழுது, இருட்டு, அவசரம் என்று. வாயைத் திறந்ததும் அதெல்லாம் எங்கே போயிற்றோ.

"இவன் சுடல்ல. நான் சுட்டன்."

அவள் வேலி ஓரம் நின்ற மாட்டைக் காட்டினாள்.

"என்ட கையால, பகல் வெளிச்சத்தில, ஆர்ர மாடு எண்டு தெரிஞ்சுகொண்டு சுட்டன். இவன் வேணாம் எண்டான். எனக்கு ஒம்பது கறவதான். பத்துக் காட்டப் பத்தாவதா இவளிட மாட்டச் சுட்டன். ஐயாட்டப் பொய் சொன்னன். மறுகா இவன்ட தலையில போட்டன். இவனப்போல மாடு தெரிஞ்ச ஒருத்தன் இந்தப் படுவான்கரைப் பக்கத்தில இல்ல. அத முதல்ல கேட்டுக்கொள்ளுங்க யாவாரியார்."

கந்தப்போடி வெற்றிலையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "அடியே அறுதலி! நானெல்லோ பத்து எண்டு கூடநிண்டு காட்டினன். என்ட தலையையும் சேத்தெல்லோ அறுத்துப் போட்டாய்!"

"நீங்க அண்டைக்கே பாத்தீங்க, புதுச் சூடு எண்டு. பாத்துட்டுத்தான் கடதாசிய நீட்டினீங்க. என்ன ஏசுங்க, கேக்கிறன். தெரியாதெண்டு மட்டும் சொல்லாதீங்க."

கந்தப்போடி வாயை மூடி வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். சப்பி முடித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார். உதவி நிற்கும். தின்ற புண்ணாக்குக்கும் வாங்கிய காசுக்கும் ஈடாக மழை பிறக்கும் மட்டும் முழுப் பாலும் ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும். ஐயாவிடம் அவளே போய்ச் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வழக்கப்படி செய்ய வேண்டும். விற்ற மாட்டின் பழைய குறிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துச் சுட்டால் அந்தக் குறி செத்துப் போகும். இங்கே அதைச் செய்வது குறிக்காரியின் கடன்.

இரும்பு காய வைக்க ஆள் போனது.

அப்போதுதான் ஹவ்வா உம்மா பேசினாள். "வேணாம் விதானையார். இன்னொருக்கா என்ட மாட்டச் சுட வேணாம்."

"சுடாட்டிக் குறி இருக்குமே பிள்ள. றோட்டால கொண்டு போகக்குள்ள களவு மாடெண்டு மறிப்பாங்க."

"மறிக்கட்டும். ஒருக்காப் பட்டது காணும் அதுக்கு."

சீதேவிப்பிள்ளை அவளிடம் போனாள். "ஹவ்வா, உன்னட்ட வந்து கேட்டிருக்கோணும் நான்."

"கேட்டிருந்தா நான் ஓம் எண்டிரிக்க மாட்டன் அக்கா. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நீங்க கேக்கல்ல." அவள் குரலில் சூடில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அசனார் தொண்டையைச் செருமினார். "குறிய வச்சவ இரிக்கிறா. அவவே மாட்டோட எங்கட ஊர் மட்டும் வரட்டும். வழியில கேக்கிறவனுக்கெல்லாம் அவட வாயால சொல்லட்டும். நாலு சனம் கேட்டா எனக்குக் காணும்."

அப்படித்தான் நடந்தது. சீதேவிப்பிள்ளை கயிற்றைப் பிடித்தால் மாடு நடக்க மறுத்தது. இளையதம்பி கயிற்றைப் பிடித்தான், கன்று தாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவள் பின்னால் நடந்தாள். செங்கலடிச் சந்தி, அவள் வருசக் கணக்காய் முட்டியோடு குந்திய இடம். எல்லோரும் அவளிடம் ஏச்சு வாங்கியவர்கள்.

"என்ன சீதேவியக்கா, மாடு விக்கப் போறீங்களா?" என்று மீன்காரி கேட்டாள்.

"என்ட மாடில்ல. ஹவ்வாட மாடு. குறி மட்டும் என்ட. களவாச் சுட்டன்."

மீன்காரி சிரித்தாள், பகிடி என்று நினைத்து. பிறகு முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அந்தச் சிரிப்பு நின்ற இடம்தான் சீதேவிப்பிள்ளைக்குச் சூடு. வண்டிக்காரன் கேட்டான், அவனுக்கும் சொன்னாள். சங்கக் கடைக்காரன் வாசலில் நின்று கேட்டான், அவனுக்கும் சொன்னாள். ஒரு முட்டிக்கு விலை குறைக்கச் சொல்லி அவளிடம் ஏச்சு வாங்கிய கிழவர் ஒருவர், "ஆ, இப்ப சொல்லு பாப்பம், ஆரு தண்ணி கலந்தது?" என்றார். கேள்வி நியாயம்.

ஏறாவூரில் ஹவ்வா உம்மாவின் வளவுக்குள் மருதோண்டி தானாக நுழைந்து, முந்திக் கஞ்சிச் சட்டி வைத்த மூலைக்கே போய் நின்றது. ஸஹீதா ஓடிவந்து தழும்பைத் தடவினாள், சீதேவிப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹவ்வா உம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தாள். இருங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. திரும்பி நடந்தார்கள். வழியில் இளையதம்பி, "கால் நோகுதா?" என்று கேட்டான். "ஓம்" என்றாள். இந்த முறை நொந்தது.

ஸஹீதாவின் கலியாணம் நடந்தது. சீதேவிப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பவில்லை. மழை பிறக்கும் மட்டும் அவளுடைய பால் ஆசுப்பத்திரிக்குப் போனது. சந்தையில் அவள் இடத்தில் வேறொருத்தி தயிர் வைத்தாள்.

மாரி கழிந்து அறுவடை முடிந்த நேரம் அசனாரின் ஆள் ஒருவன் ஒரு நாகு கன்றைக் கொண்டுவந்து பட்டி வாசலில் கட்டினான். சிவந்த குளம்பு. மருதோண்டியோடு போன அந்தக் கன்று, பால் மறந்தது.

"இதென்னத்துக்கு?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"உம்மா குடுத்தனுப்பினா. முதல் கண்டு அவக்கு, ரெண்டாவது உங்களுக்காம். முறை உங்கட முறையாம்."

"வேற ஏதும் சொன்னாவா?"

"இல்ல."

ஏதாவது சொல்லியிருக்கலாம். ஏசியாவது அனுப்பியிருக்கலாம். சீதேவிப்பிள்ளை அந்த மனிதனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டுக் கன்றுக்குத் தண்ணீர் வைத்தாள். அவள் சொல் தவறி உடைத்த வார முறையை ஹவ்வா உம்மா தன் பக்கத்தில் உடைக்காமல் வைத்திருந்தாள்.

அந்தக் கிழமை கன்றுகளுக்குக் குறி வைக்கிற நாள். இளையதம்பி நெருப்பு மூட்டி, ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியாகச் சிவந்த குளம்புக் கன்றைக் கொண்டுவந்தான். இரும்பு காய்ந்திருந்தது. இது அவளுடைய கன்று. எவரும் கேள்வி கேட்க முடியாது.

"விடு அத" என்றாள்.

"குறி இல்லாட்டி ஆர்ர கண்டெண்டு காண்றவனெல்லாம் கேப்பானே மச்சாள்."

"கேக்கட்டும்."

"ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிக்கொண்டிருக்கப் போறீங்களா?"

"என்ட வாய்க்கு வேற என்ன வேல?" என்று சொல்லிவிட்டு அவள் இரும்பைத் தண்ணீருக்குள் போட்டாள்.

அந்த நாகு வளர்ந்து கன்று போட்டுக் கறவையான பிறகும் அதன் தொடையில் ஒன்றும் இல்லை. பட்டிப் பக்கம் வருகிறவர்கள் கேட்பார்கள், இது ஆர்ர மாடு, குறியக் காணல்ல என்று. அப்போது சீதேவிப்பிள்ளை கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, இதன் தாய் யாருடையது என்பதிலிருந்து தொடங்குவாள்.